கல்விக்குக் கொடுத்ததும் கல்வியாய்ப் பெற்றதும்

பத்ருப் போர் முடிந்தபின், சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷியரை என்ன செய்வது என்ற கேள்வி மதீனாவின் முன் எழுந்தது. ஃபித்யா என்னும் மீட்புத்தொகை பெற்று அவர்களை விடுவிப்பதென முடிவாயிற்று. அவரவர் வசதிக்கேற்ப நாலாயிரம் திர்ஹம் வரை விதிக்கப்பட்டது. வீடு வாசலை விட்டு வந்த முஹாஜிர்கள் வறுமையில் வாடிய காலம் அது. ஒவ்வொரு திர்ஹமும் தேவைப்பட்டது. அத்தகைய நேரத்தில்தான், கையில் பொருளில்லாத, ஆனால் எழுத்தறிவுள்ள கைதிகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேறொரு வழியைத் திறந்துவிட்டார்கள். மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால், அதுவே அவருக்குரிய மீட்புத்தொகை. இதனை வரலாற்றாசிரியர் இப்னு ஸஃது பதிவு செய்திருக்கிறார். அவ்வாறு எழுதக் கற்ற சிறுவர்களுள் ஒருவர் அன்ஸாரியான ஜைது இப்னு தாபித் (ரலி) என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இஸ்லாம் கல்விக்குத் தந்த சிறப்பைக் காட்ட இது கூறப்படுவது பொருத்தமே. ஆயினும் இதனுள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அங்கே விதிக்கப்பட்ட நிபந்தனை இத்தனை நாள் கற்பிக்க வேண்டும் என்பதன்று. இத்தனை திர்ஹம் பெறுமான உழைப்பைத் தரவேண்டும் என்பதுமன்று. பத்துப் பிள்ளைகள் எழுதக் கற்றார்களா என்பதே கேள்வி. கணக்குச் செலவின் பக்கத்தில் எழுதப்படவில்லை. வரவின் பக்கத்தில் எழுதப்பட்டது.

இந்த நுட்பத்தை மனத்திற்கொண்டு, நம் காலத்தில் பெரிதும் கையாளப்படும் ஒரு கணக்கைத் திறனாய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நாட்டின் அரசு, தேசிய வருமானத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைக் கல்விக்குச் செலவழிக்கிறது என்பதே அக்கணக்கு. யுனெஸ்கோவும் உலக வங்கியும் இதனை ஆண்டுதோறும் அட்டவணையாக்கித் தருகின்றன. அந்த அட்டவணையில் இந்தியாவையும் இலங்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் திகைத்துப்போவார். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவின் பங்கு 4 விழுக்காட்டை நெருங்கி நின்றது. இலங்கையின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் கீழே. ஆனால் எழுத்தறிவிலோ, 2011 இந்தியக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர். 2012 இலங்கைக் கணக்கெடுப்பில் 95-க்கும் மேல்!

இதிலிருந்து இருவகைத் தீர்ப்புகள் பிறக்கின்றன. ஒரு சாரார், பணத்துக்கும் கல்விக்கும் தொடர்பே இல்லை, குறைவாகச் செலவழித்த நாடு கூடுதலாகக் கற்றிருக்கிறதே என்கின்றனர். மறு சாரார், இலங்கை அரசு கல்வியில் இந்திய அரசைவிட இருமடங்கு கஞ்சத்தனம் காட்டுகிறது என்கின்றனர். இரண்டும் பிழையான தீர்ப்புகளே. அவற்றுள் முந்தியது பிழை மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. பொதுப்பள்ளிக்குப் பணம் ஒதுக்க மனமில்லாதவர்களுக்கு அது வசதியான சாக்காகிவிடும். அந்தச் சாக்கின் விலையைக் கொடுக்கப் போகிறவர்கள் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழைக் குடும்பத்தினரே.

இவ்விரு நாடுகளை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரே ஏகாதிபத்தியத்தின் கீழிருந்து 1947-இலும் 1948-இலும் அடுத்தடுத்து விடுதலை பெற்றவை இவை. இரு கரைகளிலும் நம் மக்கள் வாழ்கிறார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் கொழும்போடும் காலியோடும் பேருவளையோடும் கொண்ட உறவு வணிகத்தால் மட்டும் வளர்ந்ததன்று, ஏடுகளாலும் வளர்ந்தது. அறபுத்தமிழ்க் கிதாபுகள் கடல்கடந்து சென்றும் வந்தும் இருக்கின்றன. ஆகவே இஃது அயலார் வீட்டுக் கணக்கன்று.

ஜகாத்தின் சட்டங்களை மாணவர்க்குக் கற்பிக்கும்போது மூன்று கேள்விகளை முதலில் மனனம் செய்விப்போம். பொருள் நிஸாபை எட்டிற்றா? ஹவ்லு என்னும் ஓராண்டு அதன்மீது கடந்ததா? மஸ்ரஃபு எது, அதாவது எவர் கையில் அது சேரவேண்டும்? இம்மூன்றையும் கேளாமல், நூற்றுக்கு இரண்டரை கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் ஆலிம் அவரை விட்டுவிட மாட்டார். கல்விச் செலவின் விழுக்காட்டையும் இம்மூன்று கேள்விகளுக்கு உட்படுத்திப் பார்ப்போம்.

முதற்கேள்வி: எதில் எத்தனை பங்கு?

விழுக்காடு தனித்து நிற்கும் பொருளன்று. எதனுடைய விழுக்காடு என்று தெரிந்தால்தான் அதற்கு உயிர் உண்டு. 2012-ஐ ஒட்டி இலங்கையின் தலைக்கு வருமானம் இந்தியாவினுடையதைப்போல் இருமடங்குக்கும் மேல் இருந்தது. நூறு ரூபாய் ஈட்டுபவர் நான்கு ரூபாய் கொடுப்பதும், இருநூறுக்கு மேல் ஈட்டுபவர் அதில் நூற்றுக்கு இரண்டு வீதம் கொடுப்பதும் கொடுப்பவரின் தாராளத்தில் வேறுபடலாம்; பெறுபவர் கையில் ஏறத்தாழ ஒன்றே. மேலும், மக்கள்தொகையில் சிறுவர்களின் பங்கு இலங்கையில் குறைவு, இந்தியாவில் கூடுதல். அதே தொகை குறைந்த எண்ணிக்கையுள்ள பிள்ளைகளிடையே பகிரப்படும்போது தலைக்குச் சேர்வது கூடும். ஆக, பாதி விழுக்காடு என்பது ஒரு பிள்ளைக்குப் பாதிச் செலவு என்று ஆகாது. இரண்டாம் சாராரின் தீர்ப்பு இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

இனி, எண்ணே ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவின் 2017-18-ஆம் ஆண்டுச் செலவை 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை 4.43 விழுக்காடு என்று கூறுகிறது. அதே ஆண்டுக்கு மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை தருவதோ 2.8 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே அரசு. எண்கள் மட்டும் இரண்டு! காரணம் மறைபொருளன்று. முன்னைய கணக்கில், கல்வித் துறைக்கு அப்பால் பிற துறைகள் பயிற்சிக்காகச் செய்யும் செலவுகளும் சேர்கின்றன. பின்னையதில் அவை சேர்வதில்லை. இந்தியாவின் ஓர் எண்ணையும் இலங்கையின் ஓர் எண்ணையும் எடுத்து மேடையேறுபவர், எந்தப் படியால் அளந்தார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். மரக்காலை மாற்றிக்கொண்டு நெல் அளப்பவனின் கணக்கை எந்தக் களத்தில் ஒப்புவார்கள்?

இன்னொரு தவறும் பரவலாக நிகழ்கிறது. டில்லியின் நிதிநிலை அறிக்கையை மட்டும் பார்த்து இந்தியாவின் கல்விச் செலவை எடைபோட்டுவிடுகிறார்கள். உண்மையில் அச்செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை ஏற்பவை மாநில அரசுகளே. இலங்கையிலும் 1987-இன் 13-ஆம் திருத்தத்திற்குப் பின் பெரும்பாலான பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பில் வந்தன. மத்தியின் பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு வீட்டின் செல்வத்தைச் சொல்லக் கூடாது.

நிஸாபின் கேள்வி இன்னும் ஆழமாகச் செல்கிறது. தேசிய வருமானம் என்பது மக்கள் ஈட்டுவது. பைத்துல் மாலில் சேர்வது அதில் ஒரு பகுதியே. அரசு தன் கைக்கு வந்ததிலிருந்துதான் கொடுக்க முடியும். இந்தியாவில் மத்திய, மாநில அரசுகளின் மொத்த வருவாய் தேசிய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி நின்று வந்திருக்கிறது. இலங்கையிலோ அரசின் வருவாய் ஆண்டாண்டாகச் சுருங்கி, 2019-இன் இறுதியில் செய்யப்பட்ட வரிக்குறைப்புகளுக்குப் பின், 2021-இல் 8 விழுக்காட்டை ஒட்டிய நிலைக்கு வீழ்ந்தது. எட்டு ரூபாய் மட்டுமே வரும் பெட்டியிலிருந்து பள்ளிக்கு ஆறு ரூபாய் கேட்டால் எங்கிருந்து எடுப்பார்கள்? வரி வேண்டாம் என்று கைதட்டியவர்களும், பள்ளிக்குப் பணம் எங்கே என்று கேட்டவர்களும் பலவேளை ஒரே மக்களாக இருந்தனர் என்பதே இதிலுள்ள துயரம்.

இரண்டாம் கேள்வி: எந்த ஆண்டு நட்டது, எந்த ஆண்டு காய்த்தது?

கல்வி, ஓராண்டுப் பயிரன்று. ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்த ஆண்டின் செலவு, அப்பிள்ளை தாயாகித் தன் மகளை மடியில் வைத்து எழுத்தைக் காட்டும் ஆண்டில்தான் முழுப்பலன் தருகிறது. ஆகவே ஓராண்டின் செலவையும் அதே ஆண்டின் எழுத்தறிவையும் எதிரெதிரே வைப்பது, இன்று ஊற்றிய நீரால் இன்றே தேங்காய் விழுந்தது என்பதைப் போன்றது. 2012-இல் இலங்கை பெற்றிருந்த எழுத்தறிவுக்கு 2012-ஆம் ஆண்டின் செலவு காரணமன்று. யார் நட்டது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அதாவது விடுதலைக்கு முன்பே, இலங்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் எழுத்தறிந்திருந்தனர். பெண்களில் மட்டும் ஏறத்தாழ 44 பேர். இந்தியாவில் 1951-இல் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் 9 பேர். ஓட்டம் தொடங்கிய இடமே வேறு. இந்த முன்னேற்றத்தில் கிறிஸ்தவ மிஷனரிப் பள்ளிகளுக்கும், அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த பௌத்த, சைவப் பள்ளிகளுக்கும் பங்குண்டு. நம்மவர்களில் அறிஞர் சித்திலெப்பை அவர்களின் முயற்சியும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883-இல் இலங்கை வந்த ஒறாபி பாஷாவின் தூண்டுதலும் சேர்ந்து, 1892-இல் கொழும்பில் ஒரு மதரஸா எழுந்தது. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாகத் தழைத்தது அதுவே.

ஆனால் தனியார் முயற்சியால் மட்டும் ஒரு நாடு முழுவதும் கற்றுவிடாது. 1931-இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு ஊருக்கு வந்தவரிடம் ஊரார் பள்ளிக்கூடம் கேட்டார்கள். அதே ஆண்டு கல்வி அமைச்சராகி 1947 வரை அப்பொறுப்பில் இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, தம் தலைமையிலான குழுவின் அறிக்கையை 1943-இல் அளித்தார். 1945 அக்டோபர் முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய மகாவித்தியாலயங்கள் எழுந்தன. 1960-களில் கல்விக்குச் சென்ற பங்கு தேசிய வருமானத்தில் 4 விழுக்காட்டைக் கடந்து, சில ஆண்டுகளில் 5-ஐ நெருங்கியது. இலங்கை கஞ்சத்தனம் காட்டிக் கற்ற நாடன்று. காலத்தே தாராளமாகக் கொடுத்துக் கற்ற நாடு. முதற்சாராரின் தீர்ப்புக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டியதில்லை.

இந்தியாவின் கதை வேறு. 1944-இல் சார்ஜண்ட் அறிக்கை, எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கிட்ட நாற்பது ஆண்டுகள் ஆகும் என்றது. அது நெடுங்காலம் என்று மனம் பொறாத தலைவர்கள், அரசியலமைப்பின் 45-ஆம் விதியில் பத்தே ஆண்டுகளில் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்று எழுதினர். ஆசை உயர்ந்தது, ஆனால் 1951-52-இல் கல்விக்கு ஒதுக்கியது தேசிய வருமானத்தில் 0.64 விழுக்காடு. நூறு ரூபாயில் அறுபத்து நான்கு காசு! 1960-61-இல் ஏறத்தாழ 1.5, 1970-71-இல் ஏறத்தாழ 2, 1980-81-இல் ஏறத்தாழ 3 என்று ஏணி மெதுவாக உயர்ந்தது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி ஆணையம், 1985-86-க்குள் 6 விழுக்காடு எட்டவேண்டும் என்றது. 1968-இன் கொள்கையும் 1986-இன் கொள்கையும் 2020-இன் கொள்கையும் அந்த ஆறையே திரும்பத் திரும்ப ஓதின. ஓதியதன்றி அமல் இல்லை.

ஆக, ஒரு கோடு மெல்ல ஏறியது. மறு கோடு உயரத்திலிருந்து இறங்கியது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக் கடந்தபின் எடுத்த ஒரு நிழற்படத்தையே நாம் அட்டவணை என்று கையில் வைத்திருக்கிறோம். இலங்கையின் பங்கு 1977-க்குப் பின் 3-க்குக் கீழே சரிந்தது. உள்நாட்டுப் போரும் கடன்வட்டியும் கருவூலத்தை உண்டன. ஆனால் 2009-இல் போர் முடிந்தபின்னும் அது உயரவில்லை. 2012-இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு ஏறத்தாழ நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டது என்ன தெரியுமா? தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு! கோத்தாரி சொன்ன அதே ஆறு. இரு கரைகளிலும் ஒரே எண், ஒரே ஏமாற்றம்.

நட்டவரின் தோப்பில் பேரன் காய்பறிப்பது குற்றமன்று; நீரூற்ற மறந்து பறிப்பதே குற்றம். தோப்பு வாடுவது முதலாண்டில் தெரியாது. 2022-இல், அச்சிடக் காகிதம் வாங்க அந்நியச் செலாவணியின்றி இலங்கையின் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. எரிபொருளின்றிப் பள்ளிகளே மூடிக் கிடந்தன. எழுத்தறிவு 95-க்கு மேல் என்று மார்தட்டிய நாட்டில் வினாத்தாளுக்குக் காகிதமில்லை! அந்தச் செய்தியை வாசித்த நாளில், நம் அட்டவணைகள் எவ்வளவு தாமதமாகப் பேசுகின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் கேள்வி: எவர் கையில் சேர்ந்தது?

ஜகாத்தின் அளவைவிட அதைப் பெறும் எட்டு வகையினரைத் திருமறை தெளிவாக வரையறுத்திருப்பது சிந்திக்கத்தக்கது. கொடுத்தது எவ்வளவு என்பதோடு எவர் பெற்றார் என்பதும் சேர்ந்தாலன்றிக் கடமை நிறைவேறாது.

இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் கல்வி ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் தொடக்கக் கல்விக்குச் சென்றது. இரண்டாம், மூன்றாம் திட்டங்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முதல் கல்வி அமைச்சராக 1947 முதல் 1958 வரை விளங்கிய மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் காலத்தில்தான் 1951-இல் கரக்பூரில் முதலாவது ஐ.ஐ.டி. தோன்றியது. மௌலானாவின்பால் நமக்குள்ள மரியாதை பெரிது; அந்நிறுவனங்கள் நாட்டுக்குத் தந்த பெருமையும் பெரிது. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1959-இல் சென்னையில் ஐ.ஐ.டி. எழுந்து ஈராண்டு கழிந்தபின், 1961-இன் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 72 இந்தியர்கள் எழுத்தறியாதவர்கள். கோபுரம் கட்டியது பிழையன்று. அடித்தளத்துக்குக் கல் போதாதபோது கலசத்துக்குப் பொன் தேடியதே பிழை. இலங்கை தன் பணத்தை முதலில் பள்ளிகளில் பரப்பிற்று. பல்கலைக்கழகத்திற்கோ குறைவாகவே கொடுத்தது. அதனால்தான் உயர்தரத் தேர்வில் தகுதி பெற்றும் இடமின்றித் திரும்பும் மாணவர் அங்கே மிகுதி. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு.

இலங்கையின் சராசரிக்குள்ளும் இருள் உண்டு. மலையகத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள், இலவசக் கல்வி வந்து முப்பது ஆண்டுகள் வரை, பெரும்பாலும் தோட்டப் பள்ளிகளிலேயே விடப்பட்டனர். 1970-களில்தான் அப்பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது. நாடு முழுவதும் இலவசம் என்று எழுதிய ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. அவ்வாறே, 1970-களின் தொடக்கத்தில் மொழிவாரியாக மதிப்பெண்களைச் சரிக்கட்டிப் பல்கலைக்கழக அனுமதி வழங்கிய தரப்படுத்தல், தமிழ் மாணவர் நெஞ்சில் ஆறாத காயத்தை உண்டாக்கியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த பதியுத்தீன் மஹ்மூத் அவர்கள். முஸ்லிம் பாடசாலைகளின் வளர்ச்சிக்கு அவர் ஆற்றிய தொண்டை நன்றியோடு நினைக்கும் நாம், இக்காயத்தையும் நேர்மையோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நம்மவர் என்பதற்காகத் தராசைச் சாய்ப்பது நம் மார்க்கம் கற்பித்ததன்று.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றாம் கேள்வியே உயிர்நாடி. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 59. பீகாரில் 42. தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 83. அதாவது மாநிலச் சராசரியான 73-ஐவிடவும் மேல். ஒரே கலிமா, ஒரே கிப்லா. ஏன் இந்த வேறுபாடு? முஸ்லிம்கள் மதரஸாவை நம்பிப் பள்ளியைப் புறக்கணிக்கிறார்கள் என்பவர்களுக்கு 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையே விடை தந்துவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் பயில்வோர் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தாம். மதரஸாவில் பயின்று, மதரஸாவிலேயே கற்பித்து வரும் நான் இதனை ஒரு சார்பாகச் சொல்லவில்லை. அரசின் குழு கண்ட எண்ணைச் சொல்கிறேன். வேறுபாடு மார்க்கத்தில் இல்லை. அருகில் பள்ளி இருந்ததா என்பதில் இருக்கிறது. காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் பரவின. 1956-இல் மதிய உணவு வந்தது. மறுபுறம் நம் பெரியோர்கள் 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951-இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியையும், சென்னையில் புதுக்கல்லூரியையும், 1971-இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியையும் எழுப்பினர். அரசின் கையும் சமுதாயத்தின் கையும் சேர்ந்தபோதுதான் ஓசை எழுந்தது.

இதே பாடத்தை மறுகரையிலும் காண்கிறோம். இலங்கையில் கட்டணமற்ற கல்வி வந்த அதே 1945-இல், அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்கள். அரசுதான் கட்டணத்தை நீக்கிவிட்டதே, இனி எதற்கு நிதி என்று அவர்கள் எண்ணவில்லை. வாயில் திறந்தபின், வாயில்வரை வர வழியில்லாத ஏழைப் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துவருவது யார் என்று எண்ணினார்கள்.

முடிவாக

அரசு கொடுக்காத பணம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது குடும்பத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. இலங்கையில் இலவசப் பள்ளிக்குச் சென்று வந்த பிள்ளை, மாலையில் காசு கொடுத்து டியூஷன் வகுப்புக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் கட்டணம் செலுத்திப் பயில்கின்றனர். யுனெஸ்கோவின் அரசுச் செலவு அட்டவணையில் உம்மாவின் காது அலுக்கத்து ஏறுவதில்லை. அடகுக்கடைச் சீட்டுக்கு அங்கே பத்தி இல்லை. செலவு குறைந்தும் கல்வி குறையவில்லை என்று சொல்பவர் அந்தச் சீட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

பணம் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2018-இல் நடந்த ஏசர் ஆய்வில், இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தனர். கட்டடமும் சம்பளமும் கொடுக்கப்பட்டன. எழுத்து மட்டும் பாதிப் பிள்ளைகளைச் சென்றடையவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இரண்டா, நான்கா, ஆறா என்பதோடு நின்றுவிடக் கூடாது. எதில் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், எவருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இக்கேள்விகளை அரசிடம் மட்டும் கேட்டு அமைவோமானால் நாம் பாதி நேர்மையாளர்களே. நம் ஜமாஅத்துகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். முகப்பு வளைவுக்கு இத்தனை இலட்சம், பளிங்குத் தரைக்கு இத்தனை இலட்சம், கல்வி உதவிக்கு இத்தனை ஆயிரம் என்று செலவுகள் வரிசையாக இருக்கும். அந்த ஆயிரங்களால் மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள் என்ற ஒரு வரியை எத்தனை அறிக்கைகளில் காண்கிறோம்? விழுக்காட்டைக் காட்டி நம்மை ஏமாற்றும் அரசுகளைக் குறைகூறும் நாம், அதே விழுக்காட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

பத்ருவின் கைதிகளிடம் எழுதக் கற்ற சிறுவர்களுள் ஒருவராகிய ஜைது (ரலி) அவர்களே, ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டிற்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் ஆணைப்படி, திருமறையை ஒரே தொகுப்பாக எழுதித் திரட்டினார்கள். அந்தச் சிறுவர் எழுதப் பழகியபோது, அது மதீனாவின் பொருளில் எத்தனை விழுக்காடு என்று எவரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். பத்துப் பிள்ளைகள் எழுதக் கற்றார்களா என்றுதான் கேட்டார்கள். அடுத்த மாதம் உங்கள் மஹல்லாவின் பொதுக்குழு கூடும்போது, நீங்களும் எழுந்து அதையே கேளுங்கள்.